ஏ பி சி டி ஒன்று

10 ஜூலை 2023, திங்கள்

இன்று காது டாக்டர் முன்னால் மானம் போனது. முகிலின் காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தவர், உள்ளே விட்ட கருவியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பளபளவென்று மின்னியது.

"யாருங்க எண்ணெய் ஊத்துனது?"

என் மனைவி ரஞ்சனி சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தாள். என் மகன் யோசிக்கவே இல்லை, என்னைக் கை காட்டிவிட்டான்.

"நல்லெண்ணெய்தாங்க. நம்ம செக்குல ஆட்டுனது. கலப்படமே கிடையாது."

"கலப்படம் இல்லாட்டியும் அது காதுங்க. வாணலி இல்லை."

நர்ஸ் சிரிப்பை மறைக்க மாஸ்க்கை மூக்கு வரை இழுத்துக்கொண்டார். திருக்கோகர்ணத்தில் மரச்செக்கு வைத்திருக்கிறவன் வீட்டில் எந்த வியாதிக்கும் மருந்து எண்ணெய்தான். முட்டிக்கு வேப்பெண்ணெய், வயிற்றுக்கு விளக்கெண்ணெய். பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்றால் வேறு என்ன செய்வேன்?

முகிலுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. போன வருடம் வரை நன்றாகப் படித்தவன். போன வாரம் ஷர்லி டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "தனியா உக்கார வச்சுச் சொன்னா புரிஞ்சுக்கிறான் சார். கிளாஸ் சத்தத்துல சொன்னா, வேற பாஷை கேக்குற மாதிரி முழிக்கிறான்." நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "கொழுப்பு டீச்சர். நாலு போடுங்க, சரியாப்போகும்" என்றேன்.

எண்ணெயைத் துடைத்து எடுத்துவிட்டு மெஷின் வைத்துச் சோதித்தார்கள். இரண்டு காதும் பிரமாதமாகக் கேட்கிறதாம்.

"காது கேக்குதுங்க. கேட்டது உள்ள போயி என்ன ஆகுதுன்னுதான் பாக்கணும்" என்றார் டாக்டர்.

உள்ளே போய் என்ன ஆகும்? வண்டி ஓட்டிக்கொண்டு வந்த வழியெல்லாம் இதே யோசனை.


21 ஜூலை, வெள்ளி

முகிலின் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போகிறதாம். மறுபடி ஷர்லி டீச்சர் போன். இந்தத் தடவை நான் கொழுப்பு என்று சொல்லவில்லை.


2 ஆகஸ்ட், புதன்

காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான், ஆனால் பையன் துணி மாதிரி துவண்டுவிட்டான். வாந்தி நிற்கவில்லை. குளுக்கோஸ் ஏற்றிய குழந்தை டாக்டர் அவன் உள்ளங்கையை விரித்து ரேகைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜோசியமும் பார்ப்பீங்களா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நல்லவேளை.

"ரேகை கறுத்திருக்கு. ஈறும் கறுத்திருக்கு. எப்பலேருந்துங்க?"

கார்முகில் என்று பேர் வைத்ததால் கறுக்கிறான் என்று வீட்டில் கேலி செய்துகொண்டிருந்தோம். வெயிலில் கிரிக்கெட் ஆடுகிறான் என்றும் சொல்லிக்கொண்டோம். வெயில் எப்படி ஈறுக்குள் போகும்? நானும் யோசிக்கவில்லை, என் மனைவியும் யோசிக்கவில்லை. முகிலின் அக்காக்காரி அன்பு மட்டும் ஒருநாள் கேட்டாள். படிக்கிற வேலையைப் பார் என்று சொன்னேன்.

கிட்னிக்கு மேலே ஒரு சுரப்பி இருக்கிறதாம். அது சோர்ந்தால் தோல் கறுக்குமாம். அந்த டாக்டர் கறுப்பு, காது, கையெழுத்து மூன்றையும் ஒரே சீட்டில் எழுதினார். எனக்கு மூன்றும் மூன்று ஊரில் இருப்பவை. அவருக்கு மட்டும் ஒரே வீட்டு ஆட்களாகத் தெரிந்திருக்கிறது. திருச்சியில் தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்.


19 ஆகஸ்ட், சனி

படத்தைக் காட்டினார்கள். தலைக்குப் பின்பக்கம், இரண்டு பக்கமும் வெள்ளையாக, பட்டாம்பூச்சி ஒன்று சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அது இருக்கக் கூடாத இடம் என்று பிறகுதான் சொன்னார்கள்.


6 செப்டம்பர், புதன். சென்னை

டாக்டர் ரோஷன் பேகம். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். சொன்னதை மறக்குமுன் எழுதிவிடுகிறேன்.

மூளையில் தண்ணீரை நீக்கிவிட்டால் மிச்சத்தில் பாதிக்கு மேல் கொழுப்புதானாம். இத்தனை வருடமாக எண்ணெய் விற்கிறேன். என் தலைக்குள்ளேயே சரக்கு இருப்பது தெரியாது.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சின்னச் சின்ன அறைகள் இருக்கின்றன. நீளமான கொழுப்பை உள்ளே வாங்கி வெட்டிப்போடுகிற அறைகள். அந்த அறைக்கு ஒரு கதவு. அந்தக் கதவை எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஜீன். முகிலுக்கு அந்த ஜீனில் ஒரே ஓர் இடத்தில் மாற்றம். கதவு திறப்பதில்லை. நீளக் கொழுப்பு வெளியிலேயே தேங்குகிறது. வயருக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பது போல மூளையின் நரம்புகளுக்கு மேலே ஓர் உறை. அது உரிய ஆரம்பித்திருக்கிறது. சுரப்பி சோர்ந்ததும் இதனால்தான்.

"புண்ணாக்கை வழிச்சு எடுக்காட்டி செக்கு இறுகி நின்னுரும். அந்த மாதிரிங்களா?" என்று கேட்டேன்.

"அதேதாங்க" என்றார். பரீட்சையில் பாஸ் ஆனது போல ஒரு நொடி பெருமையாக இருந்தது. எதில் பாஸ் ஆகியிருக்கிறேன் என்று அடுத்த நொடி உறைத்தது.

"அந்த ஜீனுக்குப் பேரு இருக்குங்களா?"

"ஏ பி சி டி ஒன்று."

"டாக்டர், நான் பத்தாவது ஃபெயிலுன்னு பாத்ததுமே கண்டுபிடிச்சுட்டீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். நிஜமாகவே அதுதான் பேராம். ரஞ்சனி சிரிக்கவில்லை.

கதவு எவ்வளவு பெரிது என்றும் கேட்டேன். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரக்கணக்கில் வரிசையாக வைக்கலாமாம். அதில் ஒன்று திறக்காததால் ஒரு பையனுக்கு டீச்சர் பேசுவது புரியாமல் போகிறது. நான் வாசலில் வந்து நின்று ரொம்ப நேரம் என் கையையே பார்த்தேன். இதற்குள் எத்தனை கோடிக் கதவுகள் இப்போது திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன? எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

கடைசியாக ரஞ்சனிதான் கேட்டாள். "இப்பிடியே விட்டா?"

"ரெண்டு வருஷத்துக்குள்ள பேச்சு, பார்வை, நடை எல்லாம் போகலாம்மா. அதுக்கப்புறம் ஆளும்..." என்று நிறுத்திவிட்டு, "ஆனா நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க" என்றார். வேறு ஒருவருடைய எலும்பு மஜ்ஜை பொருந்தினால், அதிலிருந்து உண்டாகும் நல்ல செல்கள் மூளைக்குப் போய் இதை நிறுத்தலாமாம். எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.


8 செப்டம்பர், வெள்ளி

கொழுப்புதானே கோளாறு? வீட்டில் எண்ணெயை நிறுத்திவிட்டேன். தாளிப்பு கிடையாது, தோசைக்கல்லுக்கும் கிடையாது. கடைக்கு முன்னால் 'மூளைக்குப் பலம்' என்று நானே எழுதி வைத்திருந்த போர்டையும் கழற்றி உள்ளே சாத்தினேன். கடலை மூட்டை இறக்க வந்தவர் "என்னண்ணே, யாவாரம் வேணாமா?" என்றார்.


13 செப்டம்பர், புதன்

டாக்டரிடம் போனில் பெருமையாகச் சொன்னேன். நல்ல வசவு. அந்த நீளக் கொழுப்பில் பெரும்பகுதியைப் பையன் உடம்பே செய்துகொள்கிறதாம். "சாப்பாட்டுல எண்ணெயை நிறுத்துனா நோய் நிக்காதுங்க, பையன் இளைப்பான். மஜ்ஜை மாத்துறதுக்கு அவனுக்குத் தெம்பு வேணும்." ஊருக்கெல்லாம் எண்ணெய் ஊற்றியவன் பெற்ற பிள்ளையைப் பட்டினி போட்டேன். வறட்டுத் தோசையை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றிருக்கிறான் பயல்.

உடம்புக்குள்ளேயே ஒரு செக்கு ஓடுகிறது. அதை நிறுத்த என்னிடம் சுவிட்ச் இல்லை.


17 செப்டம்பர், ஞாயிறு. அறந்தாங்கி

ரஞ்சனி என் சொந்த அக்கா மகள். தொட்டிலில் கிடந்தபோதே எனக்கென்று பேசி வைத்தது. பேசப் பழகிய நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். ஆகவே இன்று அறந்தாங்கியில் அக்கா வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "சொந்தத்துல கட்டுனா இப்பிடித்தான்." துபாயில் இருக்கிற மச்சினன் வீடியோ காலில் வந்தும் அதையே சொன்னான். அவனும் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறான்.

அக்கா ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதது. "நாந்தான்டா ராசு ஒன் தலையில கட்டுனேன்."

"என் தலை நல்லாத்தான் இருக்குக்கா" என்றேன். என் நகைச்சுவைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

அக்காவுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எழுந்து வரும்போது கால் விறைத்து இழுத்து இழுத்து நடந்தது. முட்டி தேய்மானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.


9 அக்டோபர், திங்கள். சென்னை

டாக்டர் ஒரு படம் போட்டார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். எங்கள் குடும்பம் அரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது.

அந்த ஜீன் எக்ஸ் என்கிற ஒன்றில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஒன்று பழுதானாலும் மற்றது பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பையனுக்கு ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். அப்பா மகனுக்குத் தருவது ஒய் என்கிற சின்னத் துண்டு. ஆகவே இதில் சொந்தத்துக்குச் சம்பந்தமே இல்லை. "இவங்க யாரைக் கட்டியிருந்தாலும், பிறக்குற பையனுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்திருக்கும்." அக்காவிடம் இருந்து ரஞ்சனிக்கு, ரஞ்சனியிடம் இருந்து முகிலுக்கு. அக்கா கால் விறைப்பும் இதுதானாம். அக்காவுக்கு அநேகமாக எங்கள் ஆத்தாவிடம் இருந்து வந்திருக்க வேண்டும்.

ஆத்தாவுக்கும் எக்ஸ் இரண்டு. பழுதானது அக்காவுக்குப் போனது, நல்லது எனக்கு வந்தது. அதே வயிறுதான். சீட்டுக் குலுக்கியது யார்? இத்தனை வயதில் நான் எதிலும் ஜெயித்ததில்லை என்று புலம்புவேன். பிறப்பதற்கு முன்னாலேயே இவ்வளவு பெரியதை ஜெயித்துவிட்டு, அதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

பஸ் விழுப்புரம் தாண்டியது. ரஞ்சனி ஜன்னலைப் பார்த்தபடி, "அப்ப நாந்தான்" என்றாள்.

"நீ என்னடி பண்ண? ஒனக்கே தெரியாது."

"தெரியாமக் குடுத்தாலும் குடுத்தது நாந்தானே மாமா."


18 அக்டோபர், புதன்

ரஞ்சனி முகிலுக்கு ஊட்டுவதில்லை. தட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். கேட்டால், பெரிய பையனாயிட்டான் என்கிறாள். அவள் கை பட்டால் அவனுக்கு இன்னும் ஏதாவது ஒட்டிவிடும் என்று பயப்படுகிற மாதிரி இருக்கிறது. நான் ஊட்டப் போனால் அவன் "ஒங்க கை எண்ணெய்ப்பா" என்கிறான்.


30 அக்டோபர், திங்கள்

எல்லாம் அன்புவின் ரிசல்ட்டில் நிற்கிறது. மஜ்ஜை பொருந்த வேண்டும், கூடப் பிறந்தவர்களுக்குள்ளும் நாலில் ஒருத்தருக்குத்தான் முழுசாகப் பொருந்துமாம். பொருந்தினாலும் அவளிடம் அம்மாவின் பழுதான எக்ஸ் இருக்கக் கூடாது. அதற்குப் பாதி வாய்ப்பு. பதின்மூன்று வயதுப் பெண், எட்டாம் வகுப்பு. அவளை நான் இப்படிப் பார்க்கிறேனே என்று கூச்சமாக இருக்கிறது. சடை பின்னிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கிறாள், நான் அவளுக்குள்ளே எதையோ தேடிக்கொண்டு நிற்கிறேன்.


6 நவம்பர், திங்கள்

பொருந்துகிறது. முழுசாக. பழுதும் இல்லை. போனை வைத்துவிட்டு செக்கை நிறுத்தாமலே வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். எள்ளு கருகிப்போயிருக்கும். போகட்டும்.


12 நவம்பர், ஞாயிறு

தீபாவளி. அன்புவுக்கு விஷயத்தைச் சொன்னோம்.

"எலும்புக்குள்ள ஊசியாப்பா?"

"இடுப்பெலும்புல ஆத்தா. மயக்கம் குடுத்துருவாங்க. எடுத்தது திரும்ப ஊறிருமாம்."

"கெணறு மாதிரியா?"

"அது மாதிரிதான்."

கொஞ்ச நேரம் மத்தாப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு தம்பியைப் பார்த்து, "டேய், இனிமே என் சைக்கிளைத் தொட்டே, குடுத்ததைத் திருப்பிக் கேப்பேன்" என்றாள். அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. பட்டாசுச் சத்தம் வேறு. அவள் வாயை அவன் காதருகில் கொண்டுபோய் மறுபடி சொன்னாள்.

"குடுக்க மாட்டேன்" என்றான்.


28 நவம்பர், செவ்வாய். சென்னை

டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அன்புவிடம் தனியாகப் பேசினார். பிடிக்காவிட்டால் மறுக்கலாம், அப்பா அம்மாவுக்குச் சொல்ல மாட்டோம் என்றாராம்.

"நீ என்ன சொன்ன?"

"அவன் என்ன அடுத்த வீட்டுப் பையனா, மாட்டேன்னு சொல்லன்னு கேட்டேன்."


12 டிசம்பர், செவ்வாய்

நடந்துவிட்டது. தலையைத் திறப்பார்கள், துளை போடுவார்கள் என்று என்னென்னவோ நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. போன வாரம் முழுக்க மருந்து கொடுத்து முகிலின் பழைய மஜ்ஜையை அழித்தார்கள். இன்று காலையில் அன்புவிடம் எடுத்தார்கள். மத்தியானம் ஒரு பை வந்தது. சாதாரண ரத்தப் பை மாதிரிதான், கொஞ்சம் அடர்த்தி. நெஞ்சில் போட்டிருந்த குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவன் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது எலும்புக்கு எப்பிடிங்க போகும்? ரத்தத்துலதான விடுறீங்க?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"அதுவே போய்க்கும் சார். அதுக்கு வழி தெரியும்."

அதுவே போய்க்கொள்ளுமாம். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் எனக்கே இங்கிட்டா அங்கிட்டா என்று குழப்பம் வரும். கண்ணில்லை, காலில்லை, இன்னொரு உடம்பில் பிறந்தது, போனதே இல்லாத வீட்டைத் தேடிப்போய்க் கதவைத் தட்டாமல் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிள்ளைகள் சில மூளை வரைக்கும் போகும். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியாததால் பையைப் பார்த்துக் கும்பிட்டேன். நர்ஸ் பார்த்துவிட்டார். பார்த்தால் என்ன?

அன்பு பக்கத்துக் கட்டிடத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, கழுதை உதைத்த மாதிரி இருக்கிறது என்கிறாள்.


15 ஜனவரி 2024, திங்கள்

பொங்கல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகில், தலையில் ஒரு முடி இல்லை. இந்தப் பக்கம் நான். கரும்பைக் காட்டினேன். தின்னக் கூடாது, பார்க்கலாம். ரத்த அணுக்கள் ஏற ஆரம்பித்துவிட்டனவாம்.


20 பிப்ரவரி, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. முகிலின் ரத்தம் இப்போது முழுக்க அன்புவுடையது. சோதித்தால் பெண் ரத்தம் என்றே காட்டுமாம்.

"அப்ப எனக்குத் தங்கச்சிதான்" என்றாள் அன்பு.

"போடி."

"அக்காவை டி போட்டா ஒன் ரத்தமே ஒன்னை அடிக்கும்."

அந்தப் பெண் ரத்தத்தைப் பற்றி அன்பு டாக்டரைக் குடைந்தெடுத்தாள். பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் அம்மாவின் எக்ஸ் ஒன்று, அப்பாவின் எக்ஸ் ஒன்று. இரண்டில் ஒன்று வேலை செய்யும், ஒன்று தூங்கும். எது தூங்குகிறது என்பது செல்லுக்குச் செல் மாறும். பாதியில் அம்மா முழித்திருப்பாள், பாதியில் அப்பா. "எங்க வீட்ல அப்பாதான் எப்பவும் தூங்குவாரு" என்றாள். டாக்டர் முன்னாலேயே.


23 ஏப்ரல், செவ்வாய்

இன்று நடக்கும்போது முகில் இரண்டு தடவை சாய்ந்தான். முந்தாநாள் என்னை அவனுக்கு நேரே நின்று மூன்று தடவை சொல்ல வைத்தான். ஸ்கேனில் வெள்ளை கொஞ்சம் பெருசாகியிருக்கிறது. புது செல்கள் மூளைக்குப் போய்ச் சேர மாசக்கணக்காகும், அதுவரைக்கும் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பயப்படாதீங்க என்கிறார் டாக்டர். பயப்படாம எப்பிடி இருக்கிறது? அவரு படத்தைப் பாக்குறாரு, நான் பிள்ளையைப் பாக்குறேன். சீக்கிரம் போங்கப்பா, சீக்கிரம் போயிச் சேருங்க. வழி தெரியும்னாங்களே — தெரியும்தானே?


11 ஆகஸ்ட், ஞாயிறு

சாயவில்லை. இந்த மாதம் ஒரு தடவைகூட. எழுதவே பயமாக இருக்கிறது.


4 ஜனவரி 2025, சனி. சென்னை

ஒரு வருட ஸ்கேன். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தார். ஏப்ரலில் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. ஒரு நூல்கூட நகரவில்லை.

"நின்னுருச்சுங்க" என்றார் டாக்டர் ரோஷன் பேகம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

போனது திரும்பாது. சத்தத்தில் பேசினால் முகிலுக்கு இனியும் கஷ்டம்தான், முதல் பெஞ்சில் உட்கார வேண்டும். சுரப்பிக்கு ஆயுளுக்கும் மாத்திரை. பெரியவனானதும் கால்களைக் கவனிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். இன்னும் பத்து சொல்லியிருந்தாலும் ஆட்டியிருப்பேன்.

சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன்னால் கிளாம்பாக்கத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அக்காளும் தம்பியும் ஜன்னல் சீட்டு யாருக்கு என்று சண்டை. முகில் தலையில் புது முடி சுருட்டை சுருட்டையாக முளைத்திருக்கிறது. ரஞ்சனி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இட்லியைச் சட்னியில் தொட்டு அவன் வாய்க்குக் கொண்டுபோனாள். பத்து வயதுப் பையன், நாலு பேர் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

"மாமா, நான் ரொம்ப நாளா யோசிச்சேன்" என்றாள் என்னிடம், மெதுவாக. "என்கிட்ட ரெண்டு இருந்துச்சு. கெட்டது இவனுக்குப் போச்சு. நல்லது அவளுக்குப் போச்சு. இப்ப அவ மூலமா அந்த நல்லதும் இவனுக்கு வந்துருச்சு. நான் குடுத்ததை நானே சரி பண்ணிட்டேன்ல?"

அவள் முகம் இப்படி இருந்து ஒன்றரை வருடம் ஆகிறது.

"ஆமா ரஞ்சனி. நீதான்" என்றேன்.

மகனுக்கு அப்பனால் கொடுக்கவே முடியாத எக்ஸ், மகள் வழியாகச் சுற்றிக்கொண்டு அவன் தலைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. ரஞ்சனியுடையது தூங்குகிற ஒவ்வொரு செல்லிலும் அது முழித்திருந்து கதவைத் திறந்துகொண்டிருக்கிறது. என்னைப் போல ஒரு சோம்பேறியிடமிருந்து போனது, ராப்பகலாக வேலை செய்கிறது. வாய் வரை வந்துவிட்டது.

பாதி என்னுடையது என்று நான் சொல்லவில்லை.